துடைப்பம் பிடித்த வெளியூர்க்காரர்கள்

பெண்ணின் பிரசவத்துக்காக வெளிநாடு போய் வந்த அம்மாக்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. திரும்பி வந்ததும் எல்லோரும் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். எலும்பைத் துளைக்கும் குளிர், ஆள் நடமாட்டமே இல்லாத தெரு, கறிவேப்பிலைக்குப் பட்ட பாடு, பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது. நானும் 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் அப்படிப் போய் வந்தவள்தான். ஆனால் நான் கொண்டு வந்த கதை ஒரு விளையாட்டைப் பற்றியது.

"ஒரு ஓவருக்கு எத்தனை பந்து என்று கேட்டால் விழிப்பாய். நீ விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறாயா?" என்று என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் எழுதப் போவது மட்டையையும் பந்தையும் பற்றி அல்ல. கல்லையும் துடைப்பத்தையும் பற்றி. அந்த இரண்டையும் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரை மணிக் கணக்கு ஊர்

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது கனடாவின் கிழக்கு முனையில், நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில். அட்லான்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும் ஊர். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் நேரத்தை முழு மணிக் கணக்கில் வைத்துக்கொள்ள, நாம் மட்டும் ஐந்தரை மணி என்று அரையைச் சேர்த்து வைத்திருக்கிறோம் அல்லவா? இந்தத் தீவும் அப்படித்தான். கனடாவின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனியாக ஓர் அரை மணி. அது கனடாவில் சேர்ந்ததே 1949இல்தான். அதனால் "நாங்கள் வேறு" என்ற ஒரு நினைப்பு அங்கே எல்லோருக்கும் உண்டு.

மனிதர்கள் தங்கமானவர்கள். கடையில் பில் போடும் பெண்கள் முன்பின் தெரியாதவர்களையும் "மை லவ்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை என் கணவரை அப்படி அழைத்தபோது அவர் பணத்தைக் கூட எண்ணாமல் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை எழுந்து கதவைத் திறக்கிறேன். இரவு முழுவதும் கொட்டிய பனி எங்கள் வாசலில் மட்டும் இல்லை. பெரியவர் இருட்டோடு எழுந்து அள்ளிப் போட்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. நாங்கள் இருந்த அத்தனை நாளும் அவர் அதைச் செய்தார். வாசல் தெளித்துப் பழகிய எனக்கு, என் வாசலை இன்னொருவர் பெருக்குகிறாரே என்று கூச்சமாக இருந்தது.

அவருடைய கதை அந்தத் தீவின் கதைதான். கடலில் காட் மீன் அற்றுப்போகும் நிலை வந்ததால் 1992 ஜூலையில் அரசாங்கம் அதைப் பிடிப்பதற்குத் தடை போட்டது. முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் வேலை தேடி வேறு மாகாணங்களுக்குப் போனார்கள். எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஆல்பெர்ட்டா மாகாணத்துக்குப் போனவர்கள் ஏராளம். பெரியவரின் ஒரே மகனும் அங்கேதான். "உங்கள் பெண் இங்கே, எங்கள் பையன் அங்கே" என்று அவர் மனைவி பெர்ரிப் பழ ஜாம் பாட்டிலை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் எங்களுக்குள் அறிமுகம் எதுவும் தேவைப்படவில்லை.

அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு வழக்கு, "கம் ஃப்ரம் அவே" என்பது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களை அந்தத் தீவில் அப்படிச் சொல்வார்கள். திட்டு அல்ல, பாராட்டும் அல்ல. முப்பது வருடம் அங்கேயே இருந்தாலும் ஒருவர் வெளியூர்க்காரர்தான். நாக்பூரில் நாற்பது வருடமாக "எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வரும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மிக்கல்லும் துடைப்பமும்

மார்ச் மாதம் பிறந்ததும் ஊர் முழுவதும் ஒரே பேச்சு: பிரையர். கனடா நாட்டு ஆண்களின் வருடாந்தர தேசிய கர்லிங் போட்டிக்கு அதுதான் பெயர். அந்த ஆண்டு மார்ச் 4 முதல் 12 வரை செயின்ட் ஜான்ஸில் நடந்தது. அந்த ஊருக்கு அது வந்தது 1972க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கர்லிங் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கேரம் பலகையை நாற்பத்தைந்து மீட்டர் நீளத்துக்கு இழுத்து, அதைப் பனிக்கட்டியால் செய்து, ஸ்ட்ரைக்கருக்குப் பதில் அம்மிக்கல் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய வந்துவிடும். கல்லின் எடை இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேலே ஒரு கைப்பிடி. நல்ல கற்களுக்கான கருங்கல், ஸ்காட்லாந்துக் கடலில் ஐல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வருகிறது. ஆடுகளத்தின் இரண்டு கோடியிலும் பனிக்கட்டிக்கு அடியில் வண்ண வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. பெரிய வளையத்தின் குறுக்களவு பன்னிரண்டு அடி. அதற்குப் பெயர் "வீடு". மேலிருந்து பார்த்தபோது யாரோ பெரிய கோலம் போட ஆரம்பித்து வட்டத்தோடு நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அணிக்கு நான்கு பேர். ஆளுக்கு இரண்டு கல். ஒரு சுற்றில் இரு அணிகளும் மாறி மாறிப் பதினாறு கற்களை விடுவார்கள். வீட்டின் நடுப்புள்ளிக்கு எவருடைய கல் மிக அருகில் இருக்கிறதோ அவருக்கே புள்ளி. எதிராளியின் சிறந்த கல்லைவிட அருகில் எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. எதிராளியின் கல்லை இடித்து வெளியே தள்ளலாம், தன் கல்லுக்கு முன்னால் இன்னொன்றைக் காவலாக நிறுத்தலாம். இப்படிப் பத்துச் சுற்று. கடைசிக் கல் விடும் வாய்ப்புக்குச் "சுத்தியல்" என்று பெயர். சுத்தியல் யார் கையில் என்பதை வைத்தே கணக்கெல்லாம் நடக்கிறது.

கல்லை விடும்போது கைப்பிடியை லேசாகத் திருகி விடுவார்கள். அது மெதுவாகச் சுழன்றுகொண்டே ஒரு பக்கமாக வளைந்து போகும். அந்த வளைவினால்தான் விளையாட்டுக்கே அந்தப் பெயர். பனித்தரையும் கண்ணாடி போல் வழவழப்பானது அல்ல. ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் முதுகில் தண்ணீர்க் கலத்தை மாட்டிக்கொண்டு, பின்னால் நடந்துகொண்டே துளித் துளியாகத் தெளிக்கிறார். துளிகள் உறைந்து பொடிப்பொடியான மேடுகளாகின்றன. கல் அந்த மேடுகளின் மேல்தான் ஓடுகிறது. வாசல் தெளிப்பதற்குக் கூட இவ்வளவு சாஸ்திரம் பார்ப்பவர்களை அன்றுதான் பார்த்தேன்.

இனி துடைப்பம். ஒருவர் கல்லை விட்டதும், கூட்டாளிகள் இருவர் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே தரையைத் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். தேய்க்கும் இடத்தில் பனிக்கட்டி இலேசாகச் சூடேறி வழுக்கல் கூடும். கல் அதிக தூரம் போகும், அதிகம் வளையாமல் நேராகப் போகும். கல்லைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் தொட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. நடுவர் வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது அங்கே மரியாதைக் குறைவு.

அணித்தலைவர் மறுகோடியில், வீட்டுக்குள் நின்றுகொண்டு, துடைப்பத்தை நீட்டிக் குறி காட்டுகிறார். "ஹர்ரி! ஹர்ரி ஹார்ட்!" என்று அவர் போடும் சத்தம் அரங்கத்தின் கூரையில் முட்டித் திரும்புகிறது. தலைவர் கல் விடும் முறை வரும்போது துணைத்தலைவர் அந்த இடத்தில் நிற்பார். தேய்ப்பவர்கள் அதே இருவர்தான்.

பெரியவர் தந்த டிக்கெட்டில் ஒரு நாள் பிற்பகல் ஆட்டம் பார்க்கப் போனோம். முதல் அரை மணி நேரம் எனக்குத் தூக்கம் வந்தது. அப்புறம் முன்வரிசைக் கிழவி ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கொஞ்சம் வேகம் குறைவு, தேய்க்கணும்" என்று சொன்னாள். சொன்ன மறுநொடி தலைவரும் அதையே கத்தினார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற நால்வரும் ஜெயித்த நால்வருக்கும் கை கொடுத்தார்கள். இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தால், கடைசிச் சுற்று வரை இழுக்காமல் முன்னாலேயே கை கொடுத்துவிடுவதும் உண்டாம். பழைய வழக்கப்படி, ஆட்டம் முடிந்த பிறகு ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும்.

ஒரு நாட்டைக் கூட்டிய போட்டி

பிரையர் என்பது ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ அல்ல. ஒரு புகையிலையின் வணிகப் பெயர்! மக்டொனால்ட் புகையிலைக் கம்பெனி பணம் போட்டு 1927இல் டொரன்டோவில் இந்தப் போட்டியைத் தொடங்கியது. எட்டு அணிகள் வந்தன. நோவா ஸ்கோஷியாவின் மர்ரே மக்நீல் அணி வென்றது. அவருடைய வழக்கமான கூட்டாளிகளால் பயணத்துக்கு நேரம் ஒதுக்க முடியாமல் போக, ஊரில் இருந்த வேறு அணித்தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறினாராம். முதல் கோப்பையே ஒட்டுப்போட்ட அணிக்குத்தான் போயிருக்கிறது.

1940 முதல் போட்டி டொரன்டோவை விட்டு ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது. யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை மட்டும் நடக்கவில்லை. புகையிலைக் கம்பெனி 1979ஆம் ஆண்டுப் போட்டியோடு விலகியது. அதன் பிறகு பீர் கம்பெனி, டெலிபோன் கம்பெனி, காப்பிக் கடை, உணவு விடுதி என்று பணம் போடுபவர்கள் மாறினார்கள். பிரையர் என்ற பெயரை மட்டும் யாரும் விடவில்லை.

கிழக்கிலிருந்து மேற்குக் கோடி வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்த நாட்டில், மாகாணத்துக்கு ஓர் அணி என்பதுதான் நெடுங்காலம் இதன் உயிராக இருந்தது. சின்ன மாகாணம், பெரிய மாகாணம் என்ற பேதம் இருக்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கும் ஓர் அணி. ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை கொண்ட ஒன்டாரியோவுக்கும் ஓர் அணி. ஒன்டாரியோவின் வடபகுதிக்கு மட்டும் பழைய வழக்கப்படி தனி அணி. நெடுங்காலம் வரை ஆடியவர்கள் விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். சஸ்காச்சுவான் மாகாணத்து ரிச்சர்ட்சன் குடும்பத்தில் அண்ணன் தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரர்களுமாகச் சேர்ந்து 1959இலிருந்து 1963க்குள் நான்கு முறை பிரையரை வென்றார்கள்.

பெண்களுக்கும் 1961 முதல் தேசியப் போட்டி உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது சான்ட்ரா ஷ்மிர்லர் என்ற பெயரைத்தான். சஸ்காச்சுவானில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். 1993, 1994, 1997 என மூன்று முறை தேசியப் பட்டம். மூத்த பெண் பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். 2000ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி புற்றுநோயால் இறந்தபோது வயது முப்பத்தாறு. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவர் இறுதிச் சடங்கை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்போது சஸ்காட்டூனில் பிரையர் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆட வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் கூட அதைத் திரையில் பார்த்து அழுதார்கள். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். விளையாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

நாற்பத்தொரு வருடக் காத்திருப்பு

நியூஃபவுண்ட்லாந்து முதன்முதலாகப் பிரையருக்கு வந்தது 1951இல். ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1976இல், ஜாக் மக்டஃப் தலைமையில். அதோடு சரி.

பிறகு செயின்ட் ஜான்ஸ் பையன் ஒருவன் வந்தான்: பிராட் குஷு. 2006இல் இருபத்தைந்து வயதில் டூரின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவன். அந்த இறுதி ஆட்டத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று மாகாண அரசாங்கம் பிற்பகல் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டது. அவ்வளவு புகழ் இருந்தும் பிரையர் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2003இல் முதன்முதலாகப் போனார். 2007இல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2016இலும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. உலகத்தையே ஜெயித்தவரால் சொந்த நாட்டுக் கோப்பையை ஜெயிக்க முடியவில்லை. இப்போது போட்டி சொந்த ஊரிலேயே நடக்கிறது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இடுப்பில் காயம் பட்டு ஆடாமலே இருந்தவர். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், மார்ச் 11, சனிக்கிழமை, ஒரு சூறைக்காற்று அடித்தது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்றார்கள். கூரைகள் பறந்தன, நகரத்தில் பல இடங்களில் மின்சாரம் போயிற்று, எங்கள் தெருவிலும்தான். பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் டார்ச் விளக்கோடு வந்து விறகு அடுப்பு எரியும் தம் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். அவருடைய கவலை கூரை அல்ல, நாளைக்குள் டி.வி.க்குக் கரண்ட் வருமா என்பதுதான்!

வந்தது. ஞாயிறு மாலை அவர் வீட்டு டி.வி. முன்னால் நாங்கள் ஆறு பேரும் ஒரு கைக்குழந்தையும் உட்கார்ந்தோம். அரங்கத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல். எதிரணி, முந்தைய ஆண்டு வென்றதால் "கனடா அணி" என்ற பெயரில் ஆட வந்த கெவின் கோயியின் அணி. அவர்கள் ஆல்பெர்ட்டாக்காரர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பெரியவரின் மகன் ஆல்பெர்ட்டாவிலிருந்து போன் செய்தான். "அவன் பாடு திண்டாட்டம்தான். வேலை இடத்தில் சுற்றிலும் அந்த ஊர்க்காரர்கள்" என்று பெரியவர் சிரித்தார்.

ஆரம்பத்தில் நியூஃபவுண்ட்லாந்து முன்னால் இருந்தது. கோயி கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்துவிட்டார். கடைசிக் கல் மிஞ்சியபோது 6-6. சுத்தியல் குஷுவின் கையில். கல் வீட்டுக்குள் வந்து எதிரியின் கல்லைவிட நடுவுக்கு அருகில் நின்றால் போதும். சாதாரண நாளில் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடியது.

விட்டார். விட்டதுமே தெரிந்துவிட்டது, வேகம் குறைவு என்று.

தேய்ப்பவர்கள் இரண்டு பேர், ஜெஃப் வாக்கரும் பிரெட் கேலண்டும். உடம்பின் மொத்தக் கனத்தையும் துடைப்பத்தின் மேல் போட்டு, ஆடுகளம் முழுவதும் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். கல் நிற்கப் பார்க்கிறது. இவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து கையாலேயே காற்றைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என் கணவரும் எழுந்துவிட்டார். கல் வளையத்துக்குள் நுழைந்து, போதுமான இடத்துக்கு வந்து, நின்றது. 7-6.

பெரியவர் அழுதார். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பயந்து போய் வீரிட்டது.

ஆரவாரம் அடங்கியதும் நான் சும்மா இருக்காமல், "அந்த இரண்டு பையன்களும் எந்த ஊர்?" என்று கேட்டேன். நம் வாயில் வரும் முதல் கேள்வி அதுதானே!

"வாக்கர் ஆல்பெர்ட்டாக்காரன். கேலண்ட் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. இரண்டு பேரும் கம் ஃப்ரம் அவே" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் பையன்கள் அங்கே போய்விட்டார்கள். அங்கேயிருந்து ஒருவன் வந்து எங்கள் கல்லை வீடு சேர்த்துவிட்டான்" என்றார்.

இன்னொரு பொருத்தத்தையும் பிறகு தெரிந்துகொண்டேன். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வழி மூடப்பட்டபோது, அந்தத் தீவில் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்கின; ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அந்நியர்களை ஊர்மக்கள் சோறு போட்டுப் படுக்கை கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தக் கதையைச் சொல்லும் 'கம் ஃப்ரம் அவே' என்ற இசை நாடகம் நியூயார்க் பிராட்வேயில் முறைப்படி தொடங்கியதும் அதே 2017 மார்ச் 12 அன்றுதான்.

நாக்பூர் வாசலில்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவெல்லாம் 2011ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் இருந்தது. அன்று விழாவுக்கு வந்தவர்களுக்கு மறந்திருக்காது; மறந்திருந்தால் நல்லது.

எங்கள் அடுத்த வீட்டு மராட்டிய அம்மாளை நான் வஹினி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம். என் இரண்டு பிரசவத்துக்கும் ஊரிலிருந்து அம்மா வந்து சேர்வதற்கு முன்பே ஓடி வந்தவள். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் புள்ளிக்கோலம் கற்றுக்கொண்டாள். எனக்கு ரங்கோலி சொல்லிக் கொடுத்தாள். அந்த வருடம் பொங்கலன்று விடியற்காலையில் என்னோடு வந்து, விழா மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தது அவள்தான். "எனக்கும் ஒரு கட்டம் கொடேன்" என்றாள். கொடுத்தேன். பதின்மூன்று புள்ளி வைத்து இழுக்கத் தொடங்கினாள்.

பாதிக் கோலத்தில் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். போட்டி சங்க உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் என்று விதி இருக்கிறதே என்றார். விதி இருந்தது உண்மைதான். மகளிர் பிரிவுச் செயலாளர் நான். சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். வஹினியிடம் போய் எழுந்திருக்கச் சொன்னது நான்தான். அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "காஹி ஹர்கத் நாஹி" என்றாள். பரவாயில்லை என்று. பிறகு போய்ப் பொங்கலைத் தொன்னையில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். அந்தப் பாதிக் கோலம் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

அந்த ஊரில் பிறந்தவள் அவள். கம் ஃப்ரம் அவே நாம். வந்து குடியேறிய நாம், வாசல் பெருக்கித் தந்தவளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினோம். செயின்ட் ஜான்ஸில் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இது உறைத்த மாதிரி அதற்கு முன்னால் எனக்கு உறைத்ததில்லை.

அந்த நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. ஒரு மாகாணத்துக்கு ஆட வேண்டுமானால் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. வெளியிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பின்னால் இடம் கொடுத்தார்கள். அதைப் பற்றி இன்னும் அங்கே வாக்குவாதம் உண்டு. வாக்குவாதம் இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் எந்த மண்ணில் பிறந்தாய் என்பதை விட, யாரோடு வாழ்கிறாய், யாருக்காகத் துடைப்பம் பிடிக்கிறாய் என்பதற்கு அந்த விளையாட்டு மதிப்புக் கொடுக்கிறது.

ஊர் திரும்பியதும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வந்தேன்: கோலப் போட்டியில் நம்மோடு இந்த ஊரில் வாழும் எவரும் கலந்துகொள்ளலாம் என்று. ஒரு மணி நேரம் காரசாரமான விவாதம். தமிழ்ச் சங்கம் தமிழர்களுக்கு இல்லையா என்று கேட்டவர்களின் கவலையும் எனக்குப் புரியாமல் இல்லை. நம் பிள்ளைகளே கோலம் போடாத காலத்தில், இருக்கும் ஒன்றையும் விட்டுக்கொடுப்பதா என்பது அவர்கள் பயம். கோலத்தைக் கற்றுக்கொண்ட ஒருத்தியை எழுப்பிவிட்டால் கோலம் எப்படி வளரும் என்பது என் கேள்வி. சிறு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

விஷயத்தைச் சொல்ல வஹினியிடம் ஓடினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏழு வருஷம் தாமதமாக வந்தாயே. இப்போது முழங்கால் மடங்கவில்லையே!" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் 2018 பொங்கலுக்கு வந்தாள். பேத்தியைக் கூட்டி வந்தாள். பேத்தி குனிந்து புள்ளி வைக்க, இவள் கட்டத்தின் மறுபக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியை நீட்டி நீட்டி, "இங்கே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று குறி காட்டிக்கொண்டிருந்தாள். வளையத்துக்குள் துடைப்பத்தை நீட்டி நின்ற அணித்தலைவர்தான் என் நினைவுக்கு வந்தார். பதின்மூன்று புள்ளி, அதே கோலம், இந்த முறை முழுதாக. பரிசு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைக்கவில்லை. நடுவர் நான் அல்லவே!

பிரையர் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். குஷு அதன் பிறகு 2018, 2020, 2022, 2023, 2024 என்று மொத்தம் ஆறு முறை வென்றார். தலைவராக அத்தனை முறை வென்றவர் வேறு எவரும் இல்லை. கேலண்ட் பின்னால் ஆல்பெர்ட்டா அணிக்குப் போய்விட்டார். 2025இல் கெலோனாவில் நடந்த பிரையரை பிராட் ஜேக்கப்ஸ் தலைமையில் ஆல்பெர்ட்டா வென்றபோது, அந்த அணியில் அவரும் இருந்தார். ஜேக்கப்ஸும் ஆல்பெர்ட்டாவில் பிறந்தவர் அல்ல, வட ஒன்டாரியோக்காரர். அன்று மகள் போனில் சொன்னாள்: பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி வழியாகக் கூப்பிட்டு, "நம்ம பையன் ஜெயிச்சுட்டான், பார்த்தியா?" என்றாராம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், வரும் பொங்கலுக்கான குழு கூடும்போது பழைய விதியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு மறுபடியும் காதில் விழுகிறது. என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். மற்றதைக் கூட்டத்தில் பேசுவோம். ஒரே ஒரு வேண்டுகோள். வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் அடுத்த வீட்டுக்காரரையும் மனத்தில் நினைத்துக்கொண்டு வாருங்கள். நம் வாசலைப் பெருக்கியவர்கள் யார் யார் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவோம்.